கைமாத்து கடன் ஆகுமா?

முப்பத்தெட்டு வயதில் ஒருவன் 'நான் ஓய்வு பெற்றவன்' என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. புனேயின் கோந்த்வா பகுதியில் வாடகைக்கு வீடு பிடித்தபோது, தொழில் என்ற இடத்தில் 'பென்ஷனர்' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரம்மா படித்துப் பார்த்துவிட்டு, அப்பாவை அழைத்து வா, கையெழுத்து அவர்தானே போட வேண்டும் என்று மராத்தியில் சொன்னார். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. பென்ஷன் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகு அட்வான்ஸில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பட்டாளத்துக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாகண் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பையன்கள் வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் வந்தவர்களில் ஒருவன் பிரவீன், கோயம்புத்தூர்க்காரன். அவன் கம்பெனிக்கு ராணுவத்துக்குப் பாகங்கள் செய்து தரும் ஆர்டர் கிடைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் வேலை செய்ய வேண்டுமானால் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான படிவத்தில் சொந்தக் கடன்களை எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, மூணு லோன் ஓடிட்டு இருக்குதுங்ணா. ஃபார்ம்ல ரெண்டு போட்டாப் போதுங்களா?"

"மூணாவது என்ன பாவம் செஞ்சுது?"

"அது ஆப்புல வாங்குனதுங்ணா. போன்ல பேசறவனே கெட்ட வார்த்தைல பேசறான். அதைப் போய் எப்படிங்ணா எழுதறது?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மூன்றையும் எழுதச் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, வெறுமனே 'எழுது' என்றால் போதாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பட்டாளத்தில் பெருமையாகச் செய்த வேலை இது ஒன்றுதான். துப்பாக்கி பிடித்து எதையும் சாதித்தவன் இல்லை நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆரணிப் பக்கம் செங்கல் சூளையில் அப்பாவும் அம்மாவும் கல் அறுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வேலூரில் நடந்த ஆள் சேர்ப்பில் ஓடித் தேறி, கிளார்க் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; எல்லாரும் பட்டதை நானும் பட்டேன். ஹிந்தி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் படுத்தியது. கேண்டீன் சுவரில் 'உதார் பந்த்' என்று எழுதியிருப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரன் படித்துச் சொன்னான். உதார் விடுவதை நிறுத்து, பந்தா காட்டாதே என்று ஏதோ ஒழுக்க வாக்கியம் எழுதியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பல நாள் அடக்க ஒடுக்கமாக நடந்தேன். ஹிந்தியில் உதார் என்றால் கடன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே சத்தம் ஊர் மாறினால் வேறு அர்த்தம் ஆகிவிடும் என்ற பாடம் பின்னால் எனக்கு மிகவும் உதவியது.

கடைசி ஆறேழு வருடம் புனேயில், கட்கிப் பக்கம் ஒரு கிடங்கில் இருந்தேன். எந்தக் கிடங்கு, உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். வெளியே வந்த பிறகும் வாய் வரவில்லை. அங்கே வெளி வளாகம், உள் வளாகம் என்று இரண்டு உண்டு. உள் வளாகத்துக்குப் போக, பட்டாளத்துக்காரர்களானாலும் சிவிலியன் தொழிலாளர்களானாலும் தனி பாஸ் வேண்டும். அந்த பாஸைக் கொடுப்பதும் நிறுத்துவதும் பாதுகாப்புப் பிரிவின் வேலை. நான் அங்கே ஹவில்தார் கிளார்க்.

எங்கள் அதிகாரி மேஜர் நிம்பால்கர். சாதாராப் பக்கத்து மராத்திப் பெண்மணி. எல்லாரும் மேடம் என்போம். அவர் விசாரிக்கிற முறையைப் பார்த்துத்தான் நான் வேலையே கற்றுக்கொண்டேன். அறைக்குள் ஆள் வருவதற்கு முன் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். ஏப்ரல், மே மாதமானாலும் சரிதான். கடனைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் குரல் மேலே எழும்பாது, விசிறி சத்தத்தில் பாதி வார்த்தை போய்விடும் என்பார். மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட மாட்டார். தன் பக்கத்தில், பக்கவாட்டில் போடச் சொல்வார். வந்தவர் பேசி முடிக்கும் வரை பென்சிலைத் தொட மாட்டார். முடித்த பிறகு, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று வந்தவருடைய வார்த்தையையே திருப்பிச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் நான் குறிப்பு எழுத வேண்டும்.

கடன் என்று வந்தால் எல்லா அதிகாரிகளும் முதலில் "எவ்வளவு?" என்று கேட்பார்கள். மேடம் அதைக் கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி "யாரிடம்?" இரண்டாவது "எதற்கு?" மூன்றாவது "இது வேறு யாருக்கெல்லாம் தெரியும்?"

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. மனைவிக்குத் தெரியாத கடன், அப்பாவுக்குத் தெரியாத கடன், அலுவலகத்துக்குத் தெரியாத கடன் இவற்றில்தான் ஆபத்து. எதை நீங்கள் மறைக்கிறீர்களோ அதைத் தெரிந்துகொண்டவன் உங்களை ஆட்டி வைக்கலாம். வீட்டுக் கடனில் கழுத்து வரை மூழ்கிய ஓர் இன்ஜினியருக்கு மேடம் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். தவணை தவறாமல் கட்டுகிறார், எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். போனில் ரம்மி ஆடி, அந்த இன்ஜினியரின் கடனில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத தொகையைத் தோற்று, அதை எழுதாமல் விட்ட ஸ்டோர்மேன் ஒருவருக்கு மறுத்துவிட்டார். அவர் அழுதார். மேடம் தண்ணீர் கொடுத்தார், பாஸ் கொடுக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் தண்டபாணி அண்ணன் விஷயம் வந்தது.

தண்டபாணி கிடங்கில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் கட்கிக்கு வந்து சேர்ந்த குடும்பம். பூர்வீகம் எங்கள் ஆரணிப் பக்கம்தான் என்பதால் அந்தப் பேச்சு இன்னும் வாயில் இருந்தது, நடுவில் ஹிந்தியும் மராத்தியும் தாராளமாகப் புரளும். கை சுத்தமான வேலைக்காரர். அவருக்குப் பதவி உயர்வோடு உள் வளாகத்தில் வேலை வந்தது. பாஸ் கிடைத்தால் கட்கியிலேயே இருக்கலாம். மறுத்தால் இங்கே அவருக்கு வேறு இடம் கிடையாது. ஜபல்பூர்ப் பக்கம் மாற்றிவிடுவார்கள். அதைவிடப் பெரிய அடி, பணிப் பதிவேட்டில் 'உண்மையை மறைத்தார்' என்று ஒரு வரி ஏறிவிடும். ஓய்வு பெறும் வரை அந்த வரி கூடவே வரும். அவர் சந்தில் நாலு பேர் அவரை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

படிவத்தில் அவர் இரண்டு கடன் எழுதியிருந்தார். ஒன்று வங்கியில், ஒன்று ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில். 'வேறு கடன்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அழுத்தமாக எழுதியிருந்தார்.

வழக்கப்படி எங்கள் பிரிவிலிருந்து உத்தரப்பிரதேசத்துக்காரரான இன்னொரு ஹவில்தார் சாதாரண உடையில் அவருடைய சந்துக்குப் போய் அக்கம்பக்கம் விசாரித்துவிட்டு வந்தார். மளிகைக் கடைக்காரர் தண்டபாணியைப் புகழ்ந்து தள்ளினாராம். நல்ல மனுஷன், என்னிடமே உதார் வாங்கியிருக்கிறார், சொன்ன தேதிக்குக் கொண்டு வந்து கொடுப்பார் என்று. பால்காரரும் அதே புகழ்ச்சி. கோயில் கமிட்டிக்காரரும் அப்படியே. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு படி மேலே போய், "இந்தச் சந்தில் அவர் கேட்டு இல்லை என்று சொன்ன வீடே கிடையாது" என்றாராம். எல்லாரும் நற்சான்று கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார்கள். ஹவில்தார் கேட்டதைக் கேட்டபடி எழுதினார்: இவர் சந்து முழுக்கக் கடன் வாங்கியிருக்கிறார், படிவத்தில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

மேடம் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். "இந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது" என்றார். அவர் இறந்த காலத்தில் பேசினால் முடிவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்டபாணி வந்தார். விசிறி நின்றது. மேடம் ஹிந்தியில்தான் பேசினார். இங்கே தமிழில் தருகிறேன்.

"வங்கி, சங்கம் தவிர வேறு கடன் உண்டா?"

"இல்ல மேடம்."

"நன்றாக யோசியுங்கள்."

"யோசிக்கறதுக்கு இன்னா கீது மேடம்? இல்லன்னா இல்லதான்." இதையும் அவர் ஹிந்தியில்தான் சொன்னார். ஆனால் அந்த ஹிந்திக்குள் ஆரணி கேட்டது.

மேடம் மளிகைக் கடைக்காரரின் பெயரைச் சொன்னார். பால்காரரின் பெயரைச் சொன்னார். தண்டபாணியின் முகத்தில் பயமே இல்லை. குழப்பம்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து, தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தார்:

"இன்னாங்கடா இது, கைமாத்த எல்லாம் போயி எவனாவது கடன்னு எழுதுவானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறிப்பெழுத வந்தவன் விசாரணை நடுவில் பேசக் கூடாது. நான் எழுந்து நின்றேன்.

"மேடம், அனுமதி கொடுத்தால் ஒன்று சொல்கிறேன். இவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் இது கடன் இல்லை."

"உட்கார்ந்து சொல்லுங்கள் ஹவில்தார் சேகர்."

சொன்னேன். கடன் என்றால் வட்டி உண்டு, பத்திரம் உண்டு, வாங்கினவனுக்குத் தலைக்குனிவு உண்டு. கைமாத்து அப்படியல்ல. இன்றைக்கு என் கை காலி, உன் கையில் இருக்கிறது, கொடு. பத்து நாளில் திரும்ப உன் கைக்கு வரும். எழுத்து கிடையாது, வட்டி கிடையாது. கேட்பதில் வெட்கமும் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு குழந்தையிடம் போய் உன் அப்பாவுக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்டால், பத்து வீட்டில் கைமாத்து வாங்கியிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லும்.

மேடம் தண்டபாணியைப் பார்த்து, மராத்தியில், "ஹாத்-உஸ்னே?" என்று கேட்டார்.

தண்டபாணி துள்ளிவிட்டார். "ஹோ மேடம்! ஹாத்-உஸ்னே! அதேதான்!"

மராத்தியிலும் கையை வைத்துத்தான் அந்த வார்த்தை. எங்கள் கைமாத்துக்குக் கூடப்பிறந்தது போல. மேடம் சிரித்தார். அவர் வீட்டிலும் அம்மா பக்கத்து வீட்டில் ஹாத்-உஸ்னே வாங்கி வருவதுண்டாம். அதை அவரும் கடன் என்று நினைத்ததில்லையாம். "ஹிந்தியில் எல்லாவற்றையும் உதார் என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டோம்" என்றார்.

அன்றைக்கு அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த பெருமையை எப்படிச் சொல்வது? படித்த படிப்புக்கு வேலை கிடைத்தது ஒரு சந்தோஷம் என்றால், அம்மாவிடம் கற்ற ஒரு வார்த்தைக்கு வேலை கிடைத்தது வேறொரு சந்தோஷம்.

ஆனால் மேடம் அதோடு விடவில்லை. "சரி, கடன் என்று சொல்ல வேண்டாம். கைமாத்து என்றே சொல்லுங்கள். யார் யாரிடம்?"

தண்டபாணி இப்போது வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களின் பெயர் சொல்வது போல உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். எதற்கு வாங்கினார் என்பதும் வந்தது. மச்சான் ஒருவர் கடனில் டெம்போ வாங்கி சாகணுக்குச் சரக்கு ஓட்டினார், இவர் ஜாமீன். ஓட்டம் படுத்துவிட்டது, மச்சான் ஊருக்குப் போய்விட்டார், வசூல்காரர்கள் இவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மானம் போகக் கூடாது என்று ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்து ரொட்டேஷனில் தவணையை முடித்திருக்கிறார்.

"அப்பறம் கொமரேசன் மேடம். அவன்தான் பெருசா குடுத்தான், இருவதாயிரம்."

"யார் குமரேசன்?"

"எங்க சந்துப் பையன்தான். நமக்கு மரப்பெட்டி சப்ளை பண்ற காண்ட்ராக்டர் கிட்ட சூப்பர்வைசரா கீறான். தங்கமான பையன். நான் கேக்கக்கூட இல்ல, அவனா கொண்டாந்து குடுத்தான்."

மேடத்தின் கை பென்சிலுக்குப் போய், தொடாமலே நின்றது.

"கேட்காமலே கொடுத்தாரா? உங்களுக்குத் தேவை என்று அவருக்கு யார் சொன்னது?"

தண்டபாணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பதிலுக்கு ஏதாவது கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல மேடம். சத்தியமா."

"கேள்வியாகவே இருக்க வேண்டாம். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில்."

விசிறி ஓடாத அறையில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மெதுவாகச் சொன்னார். உள் வளாகத்தில் எந்த ஷெட்டில் வேலை போடுவார்கள் என்று குமரேசன் ஒருமுறை கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் எவ்வளவு பெட்டி வெளியே போகும் என்று இன்னொரு முறை. இரண்டு தடவையும் இவர் தெரியாது என்றுதான் சொன்னார். "தெரியாதுன்னு சொன்னப்ப அவன் சிரிச்சான் மேடம். எனக்குத்தான் அவன் மூஞ்சப் பாக்க ஒரு மாரியா இருந்திச்சி. காசு வாங்கினவன் ஆச்சே."

"அந்த 'ஒரு மாதிரி'க்காகத்தான் இந்தப் படிவமே இருக்கிறது" என்றார் மேடம்.

முடிவை அன்றைக்கே சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் சொன்னார். பாஸ் நிறுத்தி வைக்கப்படும். எல்லாக் கைமாத்தையும் தன் கைப்பட, தமிழிலேயே எழுதித் தர வேண்டும். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். 'கைமாத்து' என்ற சொல்லை மட்டும் மாற்றாமல் தமிழ் எழுத்திலேயே வைத்துக் கீழே விளக்கம் எழுத வேண்டும். குமரேசனுடைய பணம் முதலில் திரும்பிப் போக வேண்டும். அதற்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சங்கத்தில் கடன் எடுத்துச் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கலாம், அதற்கு மேடமே பரிந்துரைப்பார்.

தண்டபாணி தலையைச் சொறிந்தார். "வட்டியில்லாததக் குடுக்கறதுக்கு வட்டிக்கு வாங்கணுமா? கணக்கு ஒதைக்குதே மேடம்."

"வட்டி கட்டுங்கள். வட்டி கட்டிவிட்டால் சங்கத்துக்காரர் முகத்தை நேராகப் பார்க்கலாம்."

பணம் கிடைத்தது. மளிகைக்கடைக்காரர், பால்காரர் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தண்டபாணி வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"கொமரேசன் வாங்க மாட்டேங்கறான் தம்பி. ரெண்டு வாட்டி போயிட்டன். 'இருக்கட்டும் அண்ணாத்த, அப்பறம் பாத்துக்கலாம்' ங்கறான்."

அந்த 'இருக்கட்டும்' எனக்குத் தெரியும். சூளையில் அப்பா வாங்கிய முன்பணத்தை அடைக்க, அம்மாவின் கம்மலை விற்ற காசோடு ஒருமுறை மேஸ்திரியிடம் போனோம். அவர் வாங்கவில்லை. 'இருக்கட்டும், அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்' என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டால் எங்களைப் போக விட வேண்டும். அவருக்கு வேண்டியது பணம் இல்லை, நாங்கள். அந்த ஒரு சொல்லால் இன்னும் இரண்டு சீசன் அங்கேயே கல் அறுத்தோம்.

மேடத்திடம் இதை அப்படியே சொன்னேன். அவர் ஏற்கெனவே கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "போனில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள், சாட்சியாக."

தண்டபாணிக்கு இது பிடிக்கவில்லை. கைமாத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும். போனில் தள்ளிவிடுவது மூஞ்சியில் எறிவது மாதிரி என்றார். உண்மைதான், எங்கள் பழக்கத்தில் அது மரியாதைக் குறைவுதான். "முதலில் கையை நீட்டட்டும். நீட்டாவிட்டால் போன்" என்று மேடம் சமாதானம் செய்தார்.

கிடங்கின் வெளி கேட்டுக்கு எதிரே மாவ்ஷி, அதாவது சித்தி, என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு மராத்தி அம்மாளின் டீக்கடை. மத்தியானம் நான் சாதாரண உடையில் போய் வடாபாவோடு ஓரமாக உட்கார்ந்தேன். குமரேசன் வந்தான். சின்ன வயசுதான், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"இன்னா அண்ணாத்த, டூட்டி நேரத்துல இங்க?"

தண்டபாணி கவரை நீட்டினார். "பிடி கொமரேசா."

"அரே, மறுபடியுமா? தம்பிகிட்ட போயி கணக்குப் பாக்கறியே. வெச்சிக்க, பாப்பா காலேஜிக்கு ஆவும்."

"ஆவாது. பிடி."

"நான் கேட்டனா? ஒரு வாட்டியாவது கேட்டனா, சொல்லு."

"கேக்கலடா. அதான் பயமா கீது."

குமரேசன் சிரித்தான். "நீ உள்ள போனப்பறம் பாத்துக்கலாம்னுதான சொன்னேன். இப்ப இன்னா அவசரம்?"

தண்டபாணிக்கு உள் வளாகத்தில் வேலை என்பதைக் கிடங்கில் இன்னும் அறிவிக்கவே இல்லை. அந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

தண்டபாணி கவரைச் சட்டைப் பையில் போட்டார். போனை எடுத்தார். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, ஒற்றை விரலால் எண்களைத் தட்டினார். குமரேசனுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அவன் பையில் இருந்த போன் அதிர்ந்தது.

"இருவதாயிரம் வந்துச்சா பாரு" என்றார்.

குமரேசன் போனைப் பார்த்தான். முகத்தில் இருந்த தம்பி போய்விட்டான். "போன்லயா அனுப்பற? பிச்சக்காரனுக்குப் போடற மாரி? நாளைக்கு உனுக்கு ஒரு அவசரம்னா எவன் வாசல்ல போயி நிக்கறன்னு பாக்கறேன்."

"சங்கத்து வாசல்ல நிப்பேன். டோக்கன் குடுப்பாங்க" என்றார் தண்டபாணி.

மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் குமரேசனிடம் டீக்குக் காசு கேட்ட தோரணையில், யார் ஜெயித்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் அறிக்கையில் குமரேசன் சொன்ன வாக்கியங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். அது தனிக் கோப்பாக மேலே போனது. பெட்டி சப்ளைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள், குமரேசனுடைய கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி எனக்குச் சொல்லப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

தண்டபாணியின் கோப்பில் மேடம் எழுதிய குறிப்பு மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. இவர் மறைக்கவில்லை, நாம் கேட்ட சொல் இவருடைய சொல் இல்லை, கேட்கத் தெரிந்தபோது எல்லாவற்றையும் சொன்னார், தன்னை வளைக்கக் கூடியவனின் பணத்தைச் சாட்சி முன்னால் திருப்பிக் கொடுத்தார், அனுமதி தரலாம். அந்த ஆங்கிலக் குறிப்பின் நடுவில் 'கைமாத்து' என்று தமிழில் என் கையெழுத்து. மேலிடத்தில் யாரும் அதை அடிக்கவில்லை. அடுத்து வந்த விசாரணைகளில், கடன் உண்டா என்று கேட்ட பிறகு கைமாத்து, ஹாத்-உஸ்னே, உதார் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது. ஒரு கிளார்க் விட்டுவிட்டு வர இதைவிடப் பெரிதாக என்ன இருக்கிறது?

பிரவீன், உனக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். மூன்றாவது லோனை எழுது. கெட்ட வார்த்தை பேசுகிறவன் என்பதையும் எழுது. நண்பனிடம் வாங்கியது, மாமாவிடம் வாங்கியது, பேர் என்னவானாலும் எழுது. கடன் இருப்பதால் மட்டும் கதவை மூடிவிட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு யாராவது உன் தோளில் கை போட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். நீயே சொல்லிவிட்டால் அவனுக்கு அந்தத் தோள் கிடைக்காது.

அனுமதி வந்த அன்றைக்கு பாஸை நான்தான் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தேன். தண்டபாணி கையெழுத்துப் போட்டு வாங்கினார். போகாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க இரண்டு சட்டைப் பையையும் தட்டிப் பார்த்தார்.

"ஸ்வீட் வாங்கியாரணும் தம்பி. மேடத்துக்கு, உனுக்கு. மாசக் கடைசி பாரு..."

என் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போனது. அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, கைய எடு."

"அண்ணே, எறநூறு ரூவாதான..."

"கைய எடுங்கறேன்ல! உள்ள மேடம் குந்திகினு கீறாங்க. கேட்டுச்சின்னா உனுக்கும் சேத்து விசிறிய நிறுத்திடுவாங்க. ஒண்ணாந்தேதி வாங்கியாரேன்."

பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள் கேட்டை நோக்கி நடந்தார்.

ஒன்றாம் தேதி கால் கிலோ பேடா வந்தது, கடைக்காரர் கொடுத்த பில்லோடு. மேடம் முதலில் பில்லைப் படித்தார். ரொக்கம் என்று போட்டிருந்தது. பிறகு பேடாவை எடுத்துக்கொண்டார்.